நாக்கு எங்கே, முகவை எங்கே: வாயில் கரையும் குளிசையை எந்த முறையில் சோதிப்பது?

அக்காவின் மகள் மார்கழி மழையில் நனைந்தபடி மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். பைக்குள் மூன்று கம்பனிகளின் ஒன்டன்செட்ரோன் குளிசை அட்டைகளும் ஒரு கொப்பியும். வாந்தியை நிறுத்தும் மருந்து அது. நாக்கில் வைத்தால் தண்ணீரில்லாமலே உதிர்ந்துவிடும் வகை. இறுதியாண்டு ஆய்வுக்காக மூன்றையும் ஒப்பிடப்போகிறாளாம். எந்த முறையில் சோதிக்கப்போகிறாள் என்று திங்கட்கிழமைக்குள் மேற்பார்வையாளருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். கொப்பியில் ஐந்து முறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கேள்விக்குறி போட்டிருந்தாள். “ஒன்றைச் சொல்லுங்கள் மாமா, அதையே செய்கிறேன்” என்றாள்.

நான் பல வருடங்கள் மருந்துத் தொழிற்சாலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் குளிசை உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவன். ஆனாலும் உடனே பதில் சொல்லவில்லை. அவளுடைய கொப்பியின் தலைப்பே கொஞ்சம் இடறியது. “வாயில் கரையும் நேரம்” என்று எழுதியிருந்தாள்.

சாமி அறைக்குப் போய் ஒரு திருநீற்றுக் கட்டியும் ஒரு கற்கண்டும் எடுத்து வந்தேன். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர். திருநீற்றுக் கட்டி அடியில் தொட்டதும் பொருக்கென்று வெடித்து, இரண்டு மூன்று மூச்சுக்குள் சாம்பல் குவியலாகிவிட்டது. கற்கண்டு அசையவில்லை. விளிம்புகள் மட்டும் மெல்ல மழுங்கின. அதிலிருந்து பாகு நூல்நூலாக இறங்குவதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். அரை மணி நேரம் கழித்துக் கற்கண்டு பாதியாகியிருந்தது. திருநீறோ அடியில் அப்படியே படிந்து கிடந்தது, ஒரு துகள்கூடக் கரையாமல்.

உதிர்வது வேறு, கரைவது வேறு. குளிசை உருக்குலைந்து தூளாவது உதிர்வு. அந்தத் தூளுக்குள் இருக்கும் மருந்து நீரோடு நீராகக் கலப்பது கரைவு. ஒன்டன்செட்ரோன் குளிசை வாயில் செய்ய வேண்டிய வேலை முதலாவதுதான். உதிர்ந்த தூளை எச்சிலோடு விழுங்குகிறோம். மருந்தின் பெரும்பங்கு வயிற்றையும் குடலையும் தாண்டித்தான் இரத்தத்தில் சேர்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட்டின் கதை வேறு. அது வாயிலேயே உதிர்ந்து, வாயிலேயே கரைந்து, நாக்கின் அடியிலுள்ள மெல்லிய தோல் வழியாக ஈரலைச் சந்திக்காமல் இரத்தத்தில் ஏறியாக வேண்டும். இரண்டையும் “வாயில் கரையும் மருந்து” என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். சோதனை முறையைத் தேர்பவர் முதலில் கேட்க வேண்டியது, கையிலிருப்பது இவற்றுள் எது என்பதைத்தான். அதைக் கேட்காமல் கருவியைத் தேடப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: வாய்க்குள் இருக்கும் தண்ணீரின் அளவு. சும்மா இருக்கும்போது வாயில் தேங்கி நிற்கும் எச்சில் ஏறத்தாழ 1 மில்லிலீற்றர்தான். தூண்டல் இல்லாத நேரத்தில் நிமிடத்துக்கு அரை மில்லிலீற்றரைத் தாண்டுவது அரிது. ஏதாவது மென்றால் அது பல மடங்காகும். அமிலத்தன்மையைச் சொல்லும் pH பெரும்பாலும் நடுநிலையை ஒட்டி, 6.8 அளவில் நிற்கும். ஆக, ஒரு மில்லிலீற்றர் எச்சில், 37 பாகைச் சூடு, மேல்வாயில் மெல்ல உரசும் நாக்கு. குளிசை சந்திக்கும் உலகம் இவ்வளவுதான். இனி அவளுடைய ஐந்து கேள்விக்குறிகளுக்கு வருகிறேன்.

கூடைக் கருவி

உதிர்வை அளக்க, மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் தரநூல்கள் எல்லாம் சொல்வது இதைத்தான். ஆறு கண்ணாடிக் குழாய்கள், அடியில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் கண்ணுள்ள கம்பி வலை. குழாய்க்கு ஒரு குளிசை. முழுக் கூடையும் முகவை என்னும் ஆய்வுகூடக் கண்ணாடிப் பாத்திரத்திலுள்ள 37 பாகைத் தண்ணீருக்குள் நிமிடத்துக்கு 29 முதல் 32 தடவை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் ஐந்தரைச் சென்றிமீற்றர் தூரம். வலைமேல் எதுவும் மிஞ்சாவிட்டால், அல்லது உள்ளே கட்டியில்லாத மெதுவான கூழ் மட்டும் மிஞ்சினால், குளிசை உதிர்ந்துவிட்டது என்று பொருள். ஆறில் ஒன்றோ இரண்டோ தவறினால் இன்னும் பன்னிரண்டைப் போட வேண்டும். மொத்தம் பதினெட்டில் பதினாறாவது தேற வேண்டும்.

எவ்வளவு நேரத்துக்குள் என்பதில்தான் வேடிக்கை. ஐரோப்பியத் தரநூல் வாயில் உதிரும் குளிசைக்கு 3 நிமிடம் கொடுக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008 டிசெம்பரில் வெளியிட்ட வழிகாட்டி ஏறத்தாழ 30 செக்கன் என்கிறது; குளிசையின் நிறையும் 500 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது. ஒன்றரை நிமிடத்தில் உதிரும் குளிசை இலண்டனில் தேறும், வாஷிங்டனில் தேறாது. நம்முடைய பாமசிகளில் கிடைக்கும் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் பி.பி. (ஐரோப்பியத் தரநூலைப் பின்பற்றும் பிரித்தானியத் தரநூல்) என்றும் சிலவற்றில் யு.எஸ்.பி. (அமெரிக்கத் தரநூல்) என்றும் இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும் மாணவி, எந்த அளவுகோலால் அளக்கிறாள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இந்தக் கருவியின் பலம், அதற்கு அதிகாரம் உண்டு என்பது. 2015 இன் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நம்முடைய தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபை ஒரு மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்டால், பேசுவதற்குத் தரநூல் முறையில் கிடைத்த எண்தான் தேவை. டிஷ்யூ கடதாசியில் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

பலவீனம்? நாக்கு எங்கே, முகவை எங்கே! ஒரு மில்லிலீற்றர் எச்சிலுக்குப் பதிலாக ஒரு லீற்றர் முகவை நிறையத் தண்ணீர். மெல்ல உரசும் நாக்குக்குப் பதிலாக இடைவிடாத ஏற்ற இறக்கம். அதில் எந்தச் சோம்பேறிக் குளிசையும் சுறுசுறுப்பாகிவிடும். பத்துச் செக்கனில் உதிர்வதையும் பதினைந்தில் உதிர்வதையும் கூடை கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டும்: கூடை ஒருமுறை ஏறி இறங்கவே இரண்டு செக்கன் ஆகிறது, ஆறு குழாயையும் ஒரு சோடிக் கண்தான் பார்க்கிறது. ஒரு நேரத்தில் ஒரு குழாயில் மட்டும் குளிசையைப் போட்டு, கைப்பேசியில் படம்பிடித்து, பிறகு மெதுவாக ஓட்டிப் பார்த்து நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அப்படிச் செய்தால்தான் குளிசைக்குக் குளிசை உள்ள வித்தியாசம் எண்ணாகக் கையில் கிடைக்கும்.

வலைக் கண்ணின் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. 2 மில்லிமீற்றர் கண் என்றால் ஒன்றரை மில்லிமீற்றர்த் துண்டும் கீழே விழுந்துவிடும். கருவிக்கு அது தேறிய குளிசை. நாக்குக்கு அது ஆற்று மணல். நான் வேலை செய்த இடத்தில் ஒரே தடவையில் தயாரித்த குளிசைத் தொகுதி ஒன்று கூடைச் சோதனையில் அழகாகத் தேறி வெளியே போனது. பிறகு “சோற்றில் கல்லுக் கடிபட்டது போல இருக்கிறது” என்று முறைப்பாடு வந்தது. எங்கள் பதிவேட்டில் எந்தத் தவறும் இல்லை. தவறு நாங்கள் கேட்ட கேள்வியில் இருந்தது. தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் குளிசைகளுக்கு ஐரோப்பியத் தரநூல் இன்னொரு சிறிய சோதனை வைத்திருக்கிறது: இரண்டு குளிசைகளை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கலக்கி, 710 மைக்ரோமீற்றர் அரிதட்டில் ஊற்றினால் முழுவதும் கடந்துபோக வேண்டும். வாயில் உதிரும் குளிசைக்கு அது கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து. செலவு இரண்டு குளிசையும் ஒரு அரிதட்டும்தான்.

துடுப்புக் கருவி

கரைவை அளப்பதற்கான கருவி இது. அடி உருண்ட ஒரு லீற்றர்ப் பாத்திரம், 37 பாகைக்கு அரைப் பாகை கூடவோ குறையவோ விடாத நீர்த்தொட்டி, அடியிலிருந்து 25 மில்லிமீற்றர் உயரத்தில் சுழலும் துடுப்பு. பெரும்பாலும் நிமிடத்துக்கு 50 சுற்று. குறித்த நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தை எடுத்து வடிகட்டி, அதில் எவ்வளவு மருந்து கலந்திருக்கிறது என்று ஒளி உறிஞ்சலால் அளக்க வேண்டும். ஒன்டன்செட்ரோனுக்கு 310 நானோமீற்றரை ஒட்டிய புற ஊதா ஒளி பொருந்தும்.

மருமகளுக்கு இதில்தான் ஆசை. வரைபடம் வரலாம், வளைகோடு வரலாம், புத்தகம் தடிக்கும். நான் தடுத்தேன். அவளுடைய குளிசையில் இருப்பது 4 மில்லிகிராம் மருந்து. அதை 900 மில்லிலீற்றரில் போட்டால் மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராமின் இருநூறில் ஒரு பங்குகூட வராது. மட்டக்களப்பு வாவியில் ஒரு கரண்டி சீனியைப் போட்டுவிட்டுக் கரைந்துவிட்டது என்று சந்தோசப்படுவது போல அது. வாயிலோ அதே 4 மில்லிகிராமுக்கு ஒரு மில்லிலீற்றர்தான் உண்டு. அதோடு ஒன்டன்செட்ரோன் ஒரு மென்காரம். அமிலத்தில் நன்றாகக் கரையும். எச்சிலைப் போல நடுநிலையான திரவத்தில் தயங்கும். வயிற்று அமிலத்தைப் போன்ற திரவத்தில் துடுப்பைச் சுழற்றினால் மூன்று கம்பனியும் முதல் ஐந்து நிமிடத்திலேயே மேலே ஏறி ஒரே கோட்டில் நிற்கக் கூடும். வயிற்றில் நடப்பதைப் பற்றி அது உண்மையான செய்திதான். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

துடுப்பு வீணான கருவி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கசப்பை மறைக்கப் பூச்சுப் பூசிய துகள்களால் செய்த குளிசைகள் உண்டு. அவற்றை 6.8 அளவுக் கரைசலில் போட்டு முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் எவ்வளவு மருந்து கசிகிறது என்று பார்ப்பார்கள். அங்கே குறைவாகக் கரைவதுதான் வெற்றி. நாக்கின் கீழ் வைக்கும் ஐசோசோர்பைட் டைநைட்ரேட் போன்றவற்றுக்கும் கரைவின் வேகம்தான் முக்கியம். அவள் அந்தக் குளிசையோடு வந்திருந்தால் என் பதில் தலைகீழாக இருந்திருக்கும்.

(இடையில் ஒன்று. வீட்டில் யாருக்காவது கிளிசரில் டிரைநைட்ரேட் குளிசை கொடுத்திருந்தால், அதை வந்த கறுத்தக் கண்ணாடிப் போத்தலிலேயே இறுக மூடி வையுங்கள். அந்த மருந்து ஆவியாகும். பிளாஸ்திக்குக்குள்ளும் பஞ்சுக்குள்ளும் ஊறிப் போகும். கிழமைக்கு ஏழு அறையுள்ள பிளாஸ்திக் பெட்டிக்குள் பிரித்துப் போட்டால், வலி வரும் நாளில் நாக்கின் கீழ் வெறும் மாவுதான் இருக்கும்.)

இந்தப் பக்கத்துக்கே உரிய சில தொல்லைகளையும் சொல்லிவைத்தேன். ஆறு பாத்திரத்தையும் மணிக்கணக்கில் 37 பாகையில் பிடிக்க மின்சாரம் நிலையாக இருக்க வேண்டும். இடியும் மழையுமான மாதங்களில் நடுச்சோதனையில் அது போனால் அன்றைய குளிசையும் போய்விடும். தண்ணீருக்குள் கரைந்திருக்கும் காற்றையும் முன்கூட்டியே நீக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறு குமிழ்கள் குளிசையில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கித் திரியும்.

சாயமும் டிஷ்யூவும்

நான் அதிகம் மதிப்பது இதைத்தான். காரணம், பார்ப்பவர் கண்முன்னே எல்லாம் நடக்கிறது. ஒரு சிறிய வட்டக் கிண்ணத்தில் மடித்த டிஷ்யூ கடதாசி, அதன்மேல் சாயம் கலந்த சில மில்லிலீற்றர் தண்ணீர், அதன்மேல் மெதுவாகக் குளிசை. சாயம் கீழிருந்து ஏறி மேற்பரப்பு முழுவதும் பரவும் நேரத்தை அளக்க வேண்டும். குளிசையை முன்னும் பின்னும் நிறுத்து, எவ்வளவு நீரை அது குடித்தது என்றும் கணக்கிடலாம்.

அன்றிரவே ஒரு தேநீர்ப் பீரிசில் செய்து காட்டினேன். கேசரித் தூள் ஒரு துளி, டிஷ்யூ இரண்டு மடிப்பு. அட்டையின் பின்புற உலோகத் தாளை உரித்து (அழுத்தித் தள்ளக் கூடாது, இந்தக் குளிசைகள் அவ்வளவு மெத்து) முதல் குளிசையை வைத்தாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெள்ளை விளிம்பில் செம்மஞ்சள் கோடு ஒன்று வரம்பு கட்டியது போல எழுந்தது. அது நடுவை நோக்கி ஒரே சீராக ஏறவில்லை. ஒரு பக்கத்தில் விரல்போல நீண்டு, மறுபக்கத்தில் தயங்கி நின்றது. கடைசியில் நடுவில் ஒரு பச்சரிசி அளவு வெள்ளை மிஞ்சி, அதுவும் மறைந்தது. இரண்டாவது கம்பனியின் குளிசை சாயம் ஏறும்போதே மேலே உப்பி, தயிர்ச் சட்டியின் ஆடைபோல வெடித்தது. மூன்றாவது சாயத்தை முழுவதும் குடித்துவிட்டும் வடிவம் குலையாமல் இருந்தது. ஈர்க்கால் தொட்ட பிறகுதான் சரிந்தது. கூடையில் இந்த மூன்றும் “தேறியது, தேறியது, தேறியது” என்றே வந்திருக்கும்.

அந்த மூன்றாவது குளிசைதான் இந்த முறையின் எல்லையையும் காட்டியது. நனைவது வேறு, உதிர்வது வேறு. சாயம் மேலே வந்த நேரத்தை உதிர்ந்த நேரமாக எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டு நேரத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். இன்னொரு குறை, இதற்கு ஒரே சட்டம் கிடையாது. கிண்ணத்தின் அகலம், தண்ணீரின் அளவு, மடிப்பின் எண்ணிக்கை எல்லாம் கட்டுரைக்குக் கட்டுரை மாறும். ஆகவே வேறொருவரின் எண்ணோடு உன் எண்ணை ஒப்பிடாதே, உன் மூன்று குளிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிடு என்றேன். ஒரே பெட்டி டிஷ்யூ, ஒரே கிண்ணம், ஒரே கை.

தண்ணீரைப் பற்றியும் எச்சரித்தேன். கிணற்றுத் தண்ணீர் கூடாது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. குளிசையை உதிர்க்கவென்று சேர்க்கும் குரோஸ்கார்மெலோஸ் சோடியம், சோடியம் ஸ்டார்ச் கிளைகொலேட் போன்றவை உப்புள்ள நீரில் குறைவாகவே உப்பும். குரோஸ்பொவிடோனுக்கு அந்த மின்னேற்றம் இல்லாததால் அது அவ்வளவாக அசைந்து கொடுக்காது. கிணற்று நீரில் சோதித்தால் கம்பனியின் வித்தியாசத்தை அளக்கிறோமா, கிணற்றின் குணத்தை அளக்கிறோமா என்றே தெரியாது. காய்ச்சி வடித்த நீர், அல்லது 6.8 அளவுப் பொசுபேற்றுக் கரைசல். 0.2 மோலார் பொட்டாசியம் இருஐதரசன் பொசுபேற்று 50 மில்லிலீற்றர், 0.2 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டு 22.4 மில்லிலீற்றர், மீதிக்குத் தண்ணீர் சேர்த்து 200 ஆக்கினால் அமெரிக்கத் தரநூல் சொல்லும் கரைசல் கிடைக்கும். எச்சிலின் வழுவழுப்பு இதில் இல்லைதான். ஆனால் அமிலத்தன்மையாவது சரியாக இருக்கும்.

விலையுயர்ந்த கருவிகளும் தோழிகளின் நாக்கும்

நான்காவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குளிசையை ஒரு தட்டையான உருளையால் சிறிய, மாறாத விசையோடு அழுத்திக்கொண்டு, ஈரம் பட்டதும் அது எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்று வரையும் இழையமைப்பு அளவி ஒன்று இருக்கிறது. ஜப்பானில் இதற்கென்றே செய்த டிரைகோர்ப்டெஸ்டர் போன்ற கருவிகள், கம்பி வலைகளுக்கு நடுவே குளிசையை வைத்துச் செயற்கை எச்சிலைச் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. நாக்குக்கு மிக நெருங்கி வருவன இவைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. புதிய குளிசையை உருவாக்கும் கம்பனிக்கு இவை நல்ல முதலீடு. ஒரு வருட ஆய்வுக்காக, பழுது பார்க்கக் கொழும்பிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ ஆள் வர வேண்டிய ஒரு பெட்டியை வாங்கச் சொல்லி எந்தப் பிரிவையும் நான் கேட்கமாட்டேன்.

ஐந்தாவது, மனிதர்களின் வாய். “என் தோழிகள் ஆறு பேர் இருக்கிறார்கள், நாக்கில் வைத்து நேரம் பார்த்துவிட்டுத் துப்பினால் போயிற்று” என்றாள் மருமகள். முறை அப்படித்தான். வாயை அலசி, குளிசையை நாக்கில் வைத்து, மெல்லாமல், மேல்வாயில் மெதுவாக உரசி, கட்டி மறையும் நேரத்தைக் குறித்து, துப்பி, மறுபடி அலச வேண்டும். மற்ற எல்லா முறைகளும் எட்டிப் பிடிக்கப் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஆனால் ஒன்டன்செட்ரோன் மருந்து, இனிப்பு அல்ல. சிலரின் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடியது. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும். ஒழுக்கநெறிக் குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு நாக்கையும் தொடக் கூடாது. அனுமதி பெறுவதற்குள் அவளுடைய ஆண்டு முடிந்துவிடும்.

அனுமதி கிடைத்தாலும் யாருடைய வாய்? வெற்றிலை போட்டுப் பழகிய எங்கள் பெரியம்மாவின் வாயில் எப்போதும் எச்சில் ஊறும். அமிட்ரிப்டிலின் போன்ற மருந்து எடுப்பவருக்கு வாய் வறண்டு கிடக்கும். நோன்பு மாதத்தில் காத்தான்குடியில் பிற்பகல் நான்கு மணிக்கு இருக்கும் வாயும் இரவு எட்டு மணிக்கு இருக்கும் அதே வாயும் ஒன்றல்ல. மற்ற முறைகளில் தண்ணீரின் அளவை நாம் தீர்மானிக்கிறோம். இங்கே அதை வாய் தீர்மானிக்கிறது.

அப்படியானால் எது?

கூடையையும் டிஷ்யூவையும் எடு, மற்ற மூன்றையும் விடு என்றேன். கூடை, தரநூலின் முன் நிற்பதற்கு. டிஷ்யூ, கம்பனிகளுக்கிடையிலான வித்தியாசத்தைப் பார்ப்பதற்கு. இடையில் அந்த அரிதட்டு. துடுப்பை விட்டதில் அவளுக்கு முகம் வாடியது. அதற்கு ஈடாக ஒரு நல்ல கேள்வியைக் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் குளிசையை அட்டையோடு வாங்குபவர் குறைவு. ஒன்று, இரண்டு என்று கத்தரித்துத்தான் கொடுப்பார்கள். கத்தரிக்கோல் சற்று விலகினால் பக்கத்து அறையின் உலோகத் தாள் கிழிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் போதும். வாயில் உதிரும் குளிசை நீரைத் தேடிக் குடிக்கவென்றே செய்யப்பட்டது. எச்சிலுக்கும் மழைக்காற்றுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. காற்றின் ஈரத்தை முன்கூட்டியே குடித்து உப்பிவிட்டால், பிறகு நாக்கில் வைக்கும்போது உதிர்க்கும் பலம் குறையும். சில குளிசைகள் அதற்கு முன்பே கையில் பொடிந்துபோகும். இந்த மாதத்துக் கல்லடிக் காற்றில் எது எவ்வளவு தாங்கும்? அதுதான் இங்கிருந்து கேட்க வேண்டிய கேள்வி என்பது என் எண்ணம்.

அதற்கும் பெரிய கருவி தேவையில்லை. இறுக மூடும் கண்ணாடிப் போத்தல் ஒன்றின் அடியில் சோடியம் குளோரைட்டைக் கரையாமல் மிஞ்சும்வரை தண்ணீரில் கலந்து வைத்தால், உள்ளே ஈரப்பதன் 75 வீதத்தை ஒட்டி நிற்கும். அறை 30 பாகையில் இருந்தால், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்காக மருந்துகளைச் சோதிக்கும் 30 பாகை, 75 வீதம் என்ற நிலை அந்தப் போத்தலுக்குள் வந்துவிடும். கறி உப்பை எடுக்கக் கூடாது. அயடீனும் மற்றதும் கலந்திருக்கும். ஆய்வுகூடத்து உப்பு. உப்புக் கூழுக்கு மேலே ஒரு சிறு தட்டில் உரித்த குளிசைகளை மூன்று நாள் வைத்து, புதியவற்றோடு ஒப்பிட வேண்டும்.

பிறகு கணக்குப் போட்டோம். ஒரு கம்பனிக்கு: கூடைக்குப் புதியது ஆறு, ஈரத்தில் வைத்தது ஆறு, தவறினால் தேவைப்படும் பன்னிரண்டு, டிஷ்யூவுக்கு ஆறும் ஆறும், அரிதட்டுக்கு இரண்டு. மொத்தம் 38. பத்துக் குளிசை அட்டையில் நான்கு வாங்க வேண்டும், இரண்டு மிஞ்சும். மூன்று கம்பனிக்கும் பன்னிரண்டு அட்டை. ஒரு கம்பனியின் நான்கு அட்டையும் ஒரே தொகுதி இலக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொகுதியின் வித்தியாசம் கம்பனியின் வித்தியாசம்போலத் தோன்றிவிடும்.

மறுநாள் மேற்பார்வையாளரின் கடிதத்தோடு வழக்கமாகப் போகும் பாமசிக்குப் போனோம். கடைக்கார நானா கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். அட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பி இலக்கம் பார்த்தார். இரண்டு கம்பனிக்கு நான்கு அட்டையும் ஒரே இலக்கத்தில் இருந்தன. மூன்றாவதில் இரண்டுதான் பொருந்தின. மூன்றாவது அட்டையில் யாரோ கத்தரித்து ஒரு குளிசை எடுத்திருந்தார்கள். “இதையும் தரவா மகள்?” என்று கேட்டார். அவள் வாங்கி, கத்தரித்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதை மட்டும் பையின் வேறு அறையில் வைத்தாள்.